எடப்பாடி வீட்டு ஒறம்பரை

கஸ்பாரைத் தங்கமான மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் ஓட்டுகிற பஸ்ஸில் கண்டக்டராகக் காலம் தள்ளுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? தங்கமாவது தகரமாவது. சரியான ரோஷக்காரன். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். சொல்லாவிட்டாலும் சொன்னதாக நினைத்துக்கொண்டு தூக்கி வைத்துக்கொள்வான். மாமனார் வீட்டு விஷயத்தில் அவன் பட்ட பாட்டுக்குப் பாதிக் காரணம் அந்த ரோஷம். மீதிப் பாதிக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் காளியப்பன். ஏற்காட்டு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி என் ஊர். கஸ்பார் சூரமங்கலத்து வேதக்காரன். சேலத்திலிருந்து தாரமங்கலம், ஜலகண்டாபுரம் வழியாக எடப்பாடி போகும் பஸ் எங்களுடையது. டிரைவர் சீட்டுக்கு மேலே முதலாளி ஆணியடித்து ஒரு முருகன் படம் மாட்டியிருந்தார். அதே ஆணியில் கஸ்பார் தன் ஜெபமாலையைத் தொங்கவிட்டான். அந்த வண்டியின் பிரேக் இருந்த லட்சணத்துக்கு இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் எடப்பாடி. ஞானதாஸ் என்ற நெசவுக்காரரின் மூத்த மகள் இன்னாசிமேரி. தாயில்லாத வீடு. அண்ணன் சின்னப்பராஜ் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தான். கடைக்குட்டி செல்வமேரியை இன்னாசிமேரிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணத்தன்று அந்தக் குட்டி அக்காளின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு வேதக்கோவில் பீடம் வரைக்கும் போய்விட்டது. யார் இழுத்தும் வரவில்லை. சாமியார் சிரித்துக்கொண்டே, நிற்கட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டார். தாலி கட்டும்போதும் அது நடுவில்தான் நின்றது.

இன்னாசிமேரிக்கு வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வண்டியில்தான் ஏறுவாள். டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். சேலத்தை விட்டு வண்டி கிளம்பினதும் ஆரம்பித்தால் எடப்பாடியில் இறங்குகிற வரைக்கும் ஓயாது. கியர் போடுகிற சத்தம் சரியில்லை என்பாள். குழி பார்த்து இறக்குகிறாரா, குழி தேடி இறக்குகிறாரா என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் நியாயம் கேட்பாள். சந்தைக்குப் போகும் கிழவர்கள் அவள் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். கஸ்பார் ஒரு பதிலும் சொல்ல மாட்டான். காது மட்டும் சிவந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பயல் சிரித்துக்கொண்டிருப்பான். அவள் ஏறாத நாளில் வண்டி ஓட்டுவதற்கே அவனுக்கு மனசு வராது. எனக்கும் வராது என்பதை இப்போது சொன்னால் தப்பில்லை.

கல்யாணமான மறு வருஷம் எடப்பாடிக் கோவில் திருவிழாவுக்கு மாப்பிள்ளை போக வேண்டும். சலவை வேட்டி எல்லாம் எடுத்து வைத்திருந்தான். முதல் நாள் எங்கள் வண்டியில் வந்த ஓர் ஆள், ஞானதாஸ் சொல்லி அனுப்பியதாகச் சொன்னான்: ஊட்ல ஒறம்பரை வந்திருக்குதுங்களாம், இப்ப வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்க.

ஒறம்பரை என்றால் எங்கள் சீமையில் விருந்தாளி. வீடு தேடி வருகிற சொந்தபந்தம். கஸ்பாருக்கு அது விளங்கவில்லை. விருந்தாளி வந்திருக்கிற நேரத்தில்தானே மாப்பிள்ளையும் இருக்க வேண்டும்? மாமனார் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கும் சேர்த்து பூந்தியும் காராச்சேவும் வாங்கிக்கொண்டு போனான். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. தட்டினதும் ஞானதாஸ் பாதிக் கதவைத் திறந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றார். வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில் சின்னப்பராஜ் மட்டும் தெரிந்தான். தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தறி ஓடவில்லை. ஒறம்பரை இப்போதுதான் கிளம்பிப் போனார்கள் என்று ஞானதாஸ் சொன்னார். கஸ்பார் பலகாரப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அன்று சாயந்தர டிரிப்பில் அவன் அடித்த ஆரன் இன்னும் என் காதில் இருக்கிறது. எதிரே ஆடு இல்லை, மாடு இல்லை, சும்மா அடித்துக்கொண்டே வந்தான். தாரமங்கலத்தில் டீ குடிக்கும்போது விஷயத்தைக் கக்கினான். அவர்களுக்கு எங்கோ வசதியான சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். ஸ்டேரிங் பிடிக்கிறவன் மாப்பிள்ளை என்று அவர்களிடம் காட்டிக்கொள்ள வெட்கமாம். அதனால்தான் ஒளித்து வைக்கிறார்களாம். நான் சொன்னேன், ஏப்பா, நெசவுக்காரருக்கு ஜமீன்தார் சொந்தமா இருக்கப் போகிறார் என்று. கேட்டால்தானே! வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கேட்டிருக்கிறான். ஊரையே பேச்சால் மடக்குகிறவள் அதற்கு மட்டும், விடுங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதுபோதும் அவனுக்கு. நினைத்ததே உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகும் அவ்வப்போது எடப்பாடியிலிருந்து அந்தச் சொல் வந்தது. ஒறம்பரை வந்திருக்குது, இப்ப வர வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இவன் ஒரு சுற்று வீங்குவான். கடைசியில் மாமனார் வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டான். தினம் எடப்பாடி போய் வருகிறவன், அந்தத் தெருப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டான்.

இடையில் சின்னப்பராஜ் நெடுநாள் ஊரில் இல்லை. பட்டு நூல் வியாபாரம் பார்க்க பெங்களூர் போயிருக்கிறான் என்றார்கள். இன்னாசிமேரிக்கும் அவள் அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது ஆள் தெளிவாக, கன்னம் உப்பி, நாலு வார்த்தை தானாகப் பேசுகிறவனாக வந்தான். அறுபத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலத்துக்குத் தங்கையைப் பார்க்க வந்தான். கஸ்பார் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, மச்சானுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாடு தேடிப்பிடித்து வாங்கி வந்தான். ஒரு காலத்தில் சட்டியோடு வழித்துத் தின்கிறவன் சின்னப்பராஜ். அன்று கருவாட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இப்பெல்லாம் இது சாப்பிடறதில்லீங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். பெங்களூர் போய் வந்த துரைக்குக் கருவாடு நாறுகிறதாம் என்று என்னிடம் ஒரு மாதம் புலம்பினான் கஸ்பார்.

அறுபத்தைந்தில் அவன் மகளுக்கு டைபாய்டு வந்தது. ஒரே பெண். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இன்னாசிமேரி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்து பார்த்தாள். பிழைக்குமா பிழைக்காதா என்று இருந்த பிள்ளை பிழைத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. கொஞ்ச நாளில் தெருவில் ஓடி விளையாடியது. தாய்தான் படுத்துவிட்டாள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கட்டில் ஓரத்தில் கையை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பாள். சோறு வைத்தால் இரண்டு வாய். அதையும் யாராவது சொன்னால்தான். தூக்கம் கிடையாது. பாப்பா போய் மடியில் விழுந்தால் தலையைத் தடவுவாள், கை பாட்டுக்குத் தடவும், முகத்தில் ஒன்றும் இருக்காது. என்ன கேட்டாலும் ம் என்ற ஒரு சத்தம். நான் ஒரு நாள் போய், என்ன தங்கச்சி, வண்டியில் ஏறி எவ்வளவு நாளாச்சு, கியர் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது என்று சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நான் அழுதேன்.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா? அவர்கள் தெருவிலேயே சென்னியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். காலராவில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அழுது தீர்த்துவிட்டு மறு வாரமே சித்தாள் வேலைக்குப் போனவள். பிள்ளை போனவளே எழுந்து நடமாடுகிறாள், பிழைத்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன கேடு என்று காதுபடவே பேசினார்கள். ஒரே ரோடு, ஒரே குழி. ஒரு வண்டி ஏறி இறங்கிப் போய்விடும், இன்னொன்றுக்கு ஸ்பிரிங் பட்டை உடையும். உடைந்த வண்டியை நிறுத்தி வைத்துத் திட்டினால் ஓடுமா?

கஸ்பார் கோவிலில் ஒன்பது நாள் ஜெபம், நவநாள் வைத்தான். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போய் வந்தான். நான் சொன்னேன் என்று எங்கள் ஊர்ப் பூசாரியிடம்கூட ரகசியமாகத் திருநீறு வாங்கிக் கொடுத்தான். வீட்டுக் கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினான். வேலைக்கு வரும்போது அவன் அம்மாவைத் துணைக்கு உட்கார்த்தி வைத்துவிட்டு வருவான். ஆரன் அடிப்பதே இல்லை. டிரைவருக்குப் பின் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் திரும்பிப் பார்ப்பான், பிறகு முன்னால் பார்ப்பான். ஒரு மத்தியானம் எடப்பாடி ஸ்டாண்டில் வண்டியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"ஊட்லதான் இருக்கறா, காளியப்பா. ராத்திரி போனா அங்கயேதான் உக்காந்திருப்பா. ஆனா எனக்கு அவளைப் பாக்கணும்போல இருக்குதடா" என்றான்.

தண்ணீர் செம்பை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் இருந்தார். மெட்ராஸில் மனசு சம்பந்தப்பட்ட வியாதிக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவர். அவரிடம் கூட்டிப் போனான். அவர் அவளைப் பார்த்ததும், இது பேயும் இல்லை, சோம்பலும் இல்லை, நீரிழிவு மாதிரி இதுவும் ஒரு வியாதி என்று சொன்னது அவனுக்குப் பெரிய ஆறுதல். இதற்கு இப்போது மாத்திரை வந்திருக்கிறது என்றார். கொடுத்தார். வாய் வறண்டது, கை நடுங்கியது, மலம் கட்டியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அளவைக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் அப்படியே இருந்தது.

அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த அம்மாவின் ரத்த சொந்தத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? கஸ்பார் ஸ்டாண்டில் ஞானதாஸைப் பிடித்துக் கேட்டான். எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்க மாப்பிள்ளை என்று அந்த மனுஷன் சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணினார். டாக்டரிடம் இவன் அப்படியே ஒப்பித்தான்.

பிறகு ஒரு சாயந்தரம், வேலை முடிந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்னதான் பண்ணுது, எங்கிட்டச் சொல்லேன் என்று கெஞ்சியிருக்கிறான். தினம் கேட்பதுதான். அன்று அவள், ஒறம்பரை வந்திருக்குது என்றாள். இவன் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தான். தெருவில் ஒருத்தரும் இல்லை. திரும்பி வந்து, யாரையும் காணோமே என்றான்.

"வாசல்ல இல்லீங்க" என்றாள் அவள். "இது எங்க ஊட்டு ஒறம்பரை. அத்தைக்கு வந்துச்சு. அண்ணனுக்கு வந்துச்சு. இப்ப எனக்கு வந்திருக்குது."

அந்த அத்தை ஞானதாஸின் தங்கை. இளவயதில் கிணற்றில் விழுந்து செத்தவள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று வீட்டார் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். தானாக விழுந்தாள் என்றால் கோவில் கல்லறையில் இடம் கிடைக்காது. அதனால் அப்படிச் சொன்னார்கள். அப்போது சொன்ன பொய்யை அப்படியே இழுத்துப் போர்த்திக்கொண்டு குடும்பமே உட்கார்ந்துவிட்டது. பிறகு வீட்டில் ஒருத்தருக்கு அந்த நிலை வந்தால் கதவைச் சாத்திவிட்டு, ஒறம்பரை வந்திருக்குது என்று வெளியே சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. கேட்பவர்களும் மரியாதைக்காக உள்ளே வர மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான சொல்தான். சொந்தத்தின் வழியாகத்தானே அது வந்தது.

மறுநாள் விடியற்காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கஸ்பார் இதை எல்லாம் என்னிடம் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "அன்னிக்கு நெசமாவே ஒறம்பரை இருந்திருக்குது, காளியப்பா. மச்சான் பக்கத்துலயே உக்காந்திருந்திருக்குது. நான் பூந்தியை வச்சிட்டுக் கோவிச்சிட்டு வந்துட்டேன்" என்றான்.

அன்றே டாக்டரிடம் ஓடினான். நானும் போனேன். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கும் நிறமும் வம்சத்தில் வருகிற மாதிரி இந்தச் சுபாவமும் வரும். வந்தே தீரும் என்று கட்டாயமில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு மற்றவர்கள் தாங்குகிற ஒரு அடி போதும், விழுந்துவிடுவார்கள் என்றார். இதற்கு இரண்டு ஜாதி மாத்திரைகள் இருக்கின்றனவாம். எது யாருக்குக் கேட்கும் என்று கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கூடப் பிறந்தவர்களில் ஒருத்தருக்கு எது கேட்டதோ அதுவே மற்றவருக்கும் கேட்பதாகச் சீமை டாக்டர்கள் சிலர் இப்போது எழுதுகிறார்களாம். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருட்டில் தடவுவதற்கு அது மேல் என்றார். அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தார்களா, எந்த மாத்திரை என்று கேட்டார். கஸ்பாருக்கு என்ன தெரியும்?

இரண்டாவது ஜாதி மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க அவருக்குப் பயம். சாப்பாட்டில் பத்தியம் உண்டு, தப்பினால் ரத்தக்கொதிப்பு ஏறி ஆளையே அடித்துவிடும் என்று சொல்லிவிட்டு, கருவாடு மாதிரிப் பதப்படுத்தி நாள்பட்டது எதையும் தொடக் கூடாது என்றார்.

கஸ்பார் எழுந்து நின்றுவிட்டான். "எங்க மச்சான் கருவாடு தின்னறதில்லீங்க சார்" என்றான்.

அப்படியானால் அண்ணன் சாப்பிடுவது அந்த மாத்திரையாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். போய் மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். அந்த அம்மா சாப்பாட்டை அறவே விட்டுவிட்டார்கள், இனியும் தள்ளிப்போட முடியாது, இதுவும் இல்லை என்றால் மெட்ராஸுக்கு அனுப்பித் தலைக்குக் கரண்ட் வைக்க வேண்டியிருக்கும் என்றார். கரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் கஸ்பார் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான். வைத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் என்று டாக்டர் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எடப்பாடியில் வண்டியைப் போட்டதும் இறங்கி நடந்தான். நான் காசுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் படியில் அவன் கால் வைத்தான். ஞானதாஸ் வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டோடு வாசலுக்கு வந்தார். இவனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாப்பிள்ளை, ஊட்ல ஒறம்பரை வந்திருக்குதுங்க. பொறவு வாங்க" என்றார்.

என் கண்ணில் முதலில் பட்டது வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகள்தான். உள்ளே ஜமுக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கஸ்பாரின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவன் கையை உதறினான். அவனுக்குச் செருப்பும் தெரியவில்லை, ஜமுக்காளமும் தெரியவில்லை. அந்த வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினான்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு மாமா ஒறம்பரைன்னு சொல்லுவீங்க? உங்க தங்கச்சியைக் கெணத்துல தள்ளுனதும் அதுதானே? மச்சானைப் பெங்களூர்ல கொண்டு போயிப் போட்டதும் அதுதானே? இப்ப எம் பொண்டாட்டிகிட்ட வந்து உக்காந்திருக்குது. சோறு தண்ணி எறங்கலை. மச்சானுக்கு எந்த மாத்திரையில போச்சு, அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. செல்வமேரி, கல்யாணத்தன்று முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் குட்டி, பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் காப்பித் தட்டோடு நடுவீட்டில் நின்றாள். அவளைப் பெண் பார்க்க ஆத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். நிஜமான ஒறம்பரை. கஸ்பார் அப்போதுதான் அவர்களைப் பார்த்தான்.

ஞானதாஸ் சட்டென்று வந்தவர்கள் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். மூத்த மாப்பிள்ளை, பஸ் ஓட்டுகிறவர், குடித்துவிட்டு வந்து உளறுகிறார், பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கஸ்பார் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. ஆனால் அந்த ரோஷக்காரன் அன்று வாயே திறக்கவில்லை. குடிகாரன் என்றே இருந்துவிட்டுப் போகிறேன், இந்தப் பெண்ணின் காரியம் கெடாமல் இருந்தால் சரி என்று அவன் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தார். அந்த நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

தறிக்குழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பராஜ் எழுந்தான்.

"மாப்பிள்ளை குடிக்கலீங்க" என்றான். "அவரு சொன்னது அத்தனையும் நெசம். வியாதி எனக்கு வந்துச்சு. பெங்களூர் ஆஸ்பத்திரியில பாத்து நல்லாச்சு. எந் தங்கச்சி அங்க சாகக் கெடக்கறா. நான் இங்க சும்மா உக்காந்திருக்க முடியாதுங்க."

பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். சண்டை போடவில்லை, ஒரு குறை சொல்லவில்லை. ஆத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஞானதாஸ் சுவரோடு சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

சின்னப்பராஜ் உள்ளே போய் மாத்திரைப் புட்டியை எடுத்து வந்தான். செல்வமேரி காப்பித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்து அண்ணன் கையிலிருந்து புட்டியை வாங்கிக் கஸ்பாரிடம் நீட்டினாள். அழவில்லை. "அக்காளுக்குக் குடுங்க மாமா. நேரமாக்காம போங்க" என்றாள். எங்கள் வண்டி அன்று தாமதமாகத்தான் கிளம்பியது. வழி நெடுக ஆட்கள் கத்தினார்கள்.

டாக்டர் புட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பழைய மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும் என்றார். அந்த இரண்டு வாரம் கஸ்பார் எப்படி வண்டி ஓட்டினான் என்று எனக்குத் தெரியாது. முருகனும் மாதாவும்தான் ஓட்டியிருக்க வேண்டும். பிறகு புது மாத்திரை ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தூக்கம் வந்தது. அப்புறம் சோற்றில் உப்பு இல்லை என்றாளாம். ஒரு நாள் காலை கஸ்பார் ஷெட்டுக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் தண்ணீர். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போனேன்.

"பால்காரனைத் திட்டிட்டா, காளியப்பா. தண்ணி ஊத்தறயான்னு தெருவே பாக்கத் திட்டிட்டா" என்றான். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

அவள் எழுந்தாள். சமைத்தாள், பாப்பாவுக்குத் தலை பின்னினாள். ஆத்தூர் இடத்துப் பேச்சு அவள் படுப்பதற்கு முன்பே தொடங்கியிருந்ததாம். முழுசாகத் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, ஆத்தூர் மாப்பிள்ளை விஷயம் என்னாச்சு, செல்விக்கு நாள் குறித்தார்களா என்பதுதான். இவன் சமாளித்திருக்கலாம். பொய் பேசத் தெரியாத ஜென்மம். நடந்ததைச் சொல்லிவிட்டான். மறுநாள் டிரங்குப் பெட்டியும் பாப்பாவுமாக எங்கள் வண்டியில் ஏறினாள். டிரைவருக்குப் பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். என்னிடம் டிக்கெட் கேட்டு வாங்கினாள். செல்விக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும் சூரமங்கலத்தில் கால் வைக்க மாட்டேன், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா என்றாள்.

வழி பிறக்கவில்லை. இந்த மாதிரிச் செய்திக்கு பஸ்ஸா வேண்டும்? ஒரு கோவிலின் பங்கிலிருந்து அடுத்த பங்குக்கு அது நடந்தே போய்விடும். அதற்கப்புறம் இரண்டு மூன்று இடத்திலிருந்து வந்தார்கள்; விசாரித்தார்கள்; போய்விட்டார்கள். செல்வமேரி பூ வைத்துக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோர் வீட்டிலும்தான் ஏதோ ஒன்று இருக்கிறது. பெண் கேட்க வரும்போது மட்டும் எல்லோரும் தேவலோகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்.

கஸ்பார் தினம் எடப்பாடி போகிறான். ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் அந்தத் தெருமுனை தெரியும். வண்டி நிற்கிற நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொல். அது எடப்பாடியில் கிடைக்காது. மாதம் ஒரு தடவை கஸ்பார் சேலத்தில் வாங்கி வருவான். அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வருவாள். குழந்தை ஓடிப்போய் அப்பா மடியில் ஏறிக்கொள்ளும். அவள் மட்டும் பின்பக்கத்துப் படிக்கட்டில் என்னிடம் வாங்கிக்கொள்வாள். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாள் தெரியுமா? பழைய கண், பழைய நடை. எனக்கே கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். கஸ்பார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு இருப்பான். வண்டி ஊரைத் தாண்டியதும், என்ன சொன்னா என்று கேட்பான். சௌக்கியமா என்று கேட்டதாகச் சொல்வேன்.

போன மாதம் அப்படிச் சொன்னபோது சிரித்தான். "பொய் சொல்லாதடா. அவ அப்படிக் கேக்கற ஆளே இல்லை. சொன்னதைச் சொல்லு" என்றான்.

சரி, கேட்டுக்கொள் என்று பானெட் பக்கத்தில் போய் நின்று அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

"தனக்குப் பொண்டாட்டி வேணும்னு எஞ் செல்வியைத் தெருவுல நிறுத்திப்போட்டு, இப்ப மாத்திரை வாங்கிக் குடுத்தனுப்பறாராக்கும் உங்க டிரைவரு. திருடனாட்டம் கண்ணாடியில பாக்கறதைப் பாருங்க. எறங்கி வந்து எம் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை பேச வாயில்லையா அவருக்கு? குழியில எறக்கி எறக்கி அந்த வண்டியைக் கொன்னது பத்தாதா? சட்டையில பொத்தான் அந்து தொங்குது, அதைத் தெச்சுப் போடக்கூட ஒரு துப்பில்லை."

கஸ்பார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"இன்னொருக்காச் சொல்லு, காளியப்பா" என்றான்.

சொன்னேன். ஜலகண்டாபுரம் தாண்டியதும் மறுபடி கேட்டான். மறுபடியும் சொன்னேன்.